ஆறு காலடியில் ஓடிய வீட்டுக்காரி

எனக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருடம். ஜூன் மாதம், சாத்தூரில் வெயில் இன்னும் இறங்காத நேரம். நான் சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் டிசைனர். தினமும் பஸ்ஸில் போய் வருவேன். மாமியார் பஜாரில் மிளகாய் வத்தல் கடை வைத்திருந்தார். என் கணவர் சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூம் வேலை பார்த்தார்.

அந்தத் தடவை அவருடைய கப்பல் சோயா ஏற்றுவதற்காக பிரேசிலில் அமேசான் ஆற்றுக்குள் போயிருந்தது. அம்புட்டுப் பெரிய கப்பல் எப்படி மச்சான் ஆத்துக்குள்ள போகும் என்று கேட்டேன். "இது நம்ம வைப்பாறு இல்ல புள்ள. கரையே தெரியல. கடல்னுதான் நெனச்சேன். ஆனா தண்ணியில உப்பு இல்ல" என்றார். மனாஸ் என்ற நகரத்துப் பக்கம் கறுப்புத் தண்ணீர் ஓடும் ஆறு ஒன்றும், மண் நிறத்தில் ஓடும் ஆறு ஒன்றும் சேர்கின்றனவாம். சேர்ந்தும் ரொம்ப தூரம் கலக்காமலே போகின்றனவாம். "டீயையும் கட்டங்காப்பியையும் ஒரே கிளாஸ்ல ஊத்துன மாதிரி இருக்கும்" என்றார். அடுத்த நாள் வயிறு வலிக்கிறது என்று மெசேஜ் வந்தது. அதன்பிறகு எதுவும் வரவில்லை.

கம்பெனியிலிருந்துதான் சொன்னார்கள். குடல்வால் வெடித்துவிட்டது, கரையோரத்தில் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆபரேஷன் முடிந்தது, நிலைமை கொஞ்சம் மோசம், கப்பல் காத்திருக்க முடியாது. ஏஜென்ட் பார்த்துக்கொள்வாராம். அந்த ஏஜென்ட் இருந்ததோ படகில் போக வேண்டிய வேறு ஊரில்.

நான் என் கணவர் நம்பருக்கு வீடியோ கால் போட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு சாயங்காலம், வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது யாரோ எடுத்தார்கள். அங்கே அப்போதுதான் காலை. திரையில் முன்பின் தெரியாத ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். ஈரத்தலை, தோளில் துண்டு. என்னமோ சொன்னாள், ஒரு வார்த்தை புரியவில்லை. நான் தமிழில் அழுதேன். அவள் பேச்சை நிறுத்திவிட்டு போனைத் திருப்பினாள். மூக்கிலும் கையிலும் குழாயோடு அவர் படுத்திருந்தார். அவள் தன் கையை அவர் நெஞ்சின் மேல் வைத்து, மூச்சு மேலும் கீழும் போவதைக் காட்டினாள். அதற்கு எந்த மொழியும் வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் ஆபீஸில் கூட வேலை பார்க்கும் தோழி என் போனில் மொழிபெயர்க்கிற ஆப் ஒன்றைப் போட்டுக்கொடுத்தாள். அதன் பிறகுதான் விஷயம் புரிந்தது. பக்கத்துக் கட்டிலில் இருப்பது அவளுடைய அண்ணன். மீன்பிடிப் படகின் மோட்டார் விசிறி அடித்துக் காலில் காயம். அண்ணனுக்குத் துணையாக, வராந்தாவில் தூளி மாதிரி ஒரு துணியைக் கட்டி அதில்தான் படுத்துக்கொள்கிறாள். இவருக்குத் துணை யாரும் இல்லை என்று பார்த்ததும் இந்தக் கட்டிலையும் சேர்த்துக் கவனிக்க ஆரம்பித்துவிட்டாள். யாரும் அவளைக் கேட்டுக்கொள்ளவில்லை.

மாமியாருக்கு வேறு கவலை. "என்னத்தக் குடுக்காகளோ, பன்னி கின்னி கலந்திருக்கப் போகுது, கேளு புள்ள" என்று அரித்தார். நான் பன்றி படம் அனுப்பி அதன் மேல் சிவப்புக் கோடு போட்டேன். அவள் சிரித்துக்கொண்டே, கையளவுக்கும் பெரிதான ஒரு மீனின் வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். மீன் சாறில் மரவள்ளி மாவைக் கரைத்துக் கரண்டியால் ஊட்டுவாளாம். அந்த மீன், வெள்ளத்தில் மூழ்கிய மரங்களுக்கு நடுவே நீந்தி, விழுகிற பழங்களைத் தின்று வளருமாம்.

அப்புறம் காய்ச்சல் ஏறியது. ஒருநாள் கூப்பிட்டபோது அவர் கண்ணைத் திறக்கவே இல்லை. அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. 'நீ பேசு' என்று சைகை காட்டி, போனை அவர் காதோரம் வைத்தாள். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து துஆ ஓதினார். நான், தண்ணி லாரி வந்தது மச்சான், குடம் எல்லாம் நெறச்சாச்சு, மாமி கடையில புது வத்தல் எறங்கிருக்கு, நீங்க கேட்ட சேவு வாங்கி வச்சிருக்கேன் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவள் போனை அவர் காதிலிருந்து எடுக்கவே இல்லை. ரொம்ப நேரம். கை மாற்றி மாற்றிப் பிடிப்பது திரை ஆடுவதில் தெரிந்தது.

டாக்டர்கள் மருந்தை மாற்றினார்கள். காய்ச்சல் மெல்ல இறங்கியது. ஒரு சாயங்காலம் அவரே போனை எடுத்து, "ஒறப்பா ஏதாச்சும் திங்கணும் போல இருக்கு" என்றார். மாமியார் அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டார். அவள் மஞ்சளாய் உருண்டையாய் இருந்த குட்டி மிளகாயைக் காட்டி, எங்கள் காட்டில் தானாகவே முளைக்கும் என்றாள். மிளகாயே அந்தக் கண்டத்திலிருந்துதான் கப்பலேறி நம்மிடம் வந்தது என்று தோழி சொன்னதை மாமியாரிடம் சொன்னேன். "நம்ம வத்தலு அவுக ஊருதா? அட போ புள்ள" என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப அவுகளுக்குத்தான் நாம கடன்பட்டிருக்கோம்" என்றார்.

விமானம் ஏறத் தெம்பு வரும்வரை அவர் அந்தப் பெண்ணின் வீட்டில்தான் இருந்தார். உயரமான மரக்கால்கள் மேல் நின்ற பலகை வீடு. ஆறு ஏறியிருந்த நேரம் என்பதால் பலகைத் தரைக்கு அடியிலேயே தண்ணீர் ஓடியது. படகை வாசல்படியில் கட்டியிருந்தார்கள். தூணில் வருடா வருடம் வெள்ளம் வந்த அளவுக்குக் கோடு. ஜூன் மாதத் திருவிழா அங்கே. தெருவில் நெருப்பு மூட்டி, காளை வேஷம் கட்டி ஆடுகிறார்கள். வெடியும் உண்டு. எங்கள் ஊர்ப் பக்கம்தான் வெடி செய்கிறார்கள் என்று சொன்னதும் கை தட்டினாள்.

ஒருநாள் அவள் கேட்டதை ஆப் தன் புத்தகத் தமிழில் சொன்னது: "உங்கள் ஆறு எங்கே?"

நான் வைப்பாற்றுப் பாலத்துக்குப் போய் போனைத் திருப்பிக் காட்டினேன். மணல், சீமைக்கருவேலம், அங்கங்கே குட்டையாய்ச் சாக்கடை. சிரிப்பாள் என்று நினைத்தேன். போனை மெதுவாகத் திருப்பி, மணல் முழுவதையும் காட்டச் சொன்னாள். பிறகு சொன்னாள். அம்மா வழியில் அவள் அந்த ஆற்றின் ஆதிக்குடி. அப்பா வழி அப்படியில்லை. அவர்கள் பிரேசிலின் வடகிழக்கில், மழை பொய்த்த ஊரிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்தவர்கள். ரப்பர் பால் எடுக்கக் காட்டுக்குள் கொண்டுபோனார்கள். கத்தி, பானை, மாவு எல்லாவற்றையும் முதலாளி கணக்கில் எழுதி, திரும்பவே முடியாமல் பண்ணிவிட்டார்களாம். அந்த ரப்பரில்தான் மனாஸில் மாளிகைகள் எழுந்தன. ரப்பர் விதைகள் கடல் தாண்டி நம் ஆசியப் பக்கம் முளைத்ததும் அந்தப் பவிசு போய்விட்டது. "என் தாத்தா சாகும்வரை காய்ந்த ஆற்றைக் கனவில் கண்டார். இது அதுதான்" என்று முடித்தாள்.

என் கணவர் ஊர் வந்து சேர்ந்தார். திரும்பக் கப்பலுக்குப் போகவில்லை, வத்தல் கடையைப் பார்த்துக்கொள்கிறார். அவளோடு பேச்சு நிற்கவில்லை. அடுத்த வருடம் வருகிறோம், அதற்கடுத்த வருடம் வருகிறோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். அந்தப் பலகைத் தரையில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட வேண்டும் என்று எனக்கு அப்படி ஓர் ஆசை. பஸ்ஸில் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் அது நினைவுக்கு வரும்.

பிறகு ஒரு வருடம் அங்கே மழை பொய்த்தது. அவள் அனுப்பிய வீடியோவை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. வீடு அந்தரத்தில் நின்றது. கீழே வெடித்த சேறு. படகு ஒருக்களித்துக் கிடந்தது. ஆறு எங்கோ தூரத்தில் கோடாய்த் தெரிந்தது. குடிதண்ணீர் கேனைத் தலையில் வைத்து மணலில் நடந்தாள். படகு போக வழியில்லாததால் அரிசி, மருந்து எதுவும் வரவில்லையாம். அடுத்த வருடமும் அதே கதை. அதன்பின் அவள் நம்பர் அடங்கிவிட்டது. மாமியார் தொழுகை முடித்து எழும்போதெல்லாம், "அந்தப் புள்ள பேசுச்சா?" என்று கேட்பார்.

பல மாதம் கழித்து வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டாள். அண்ணன் குடும்பத்தோடு மனாஸுக்கு வந்துவிட்டாளாம். ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்துச் சுவர். ஆற்றில் இப்போது தண்ணீர் ஏறியிருக்கிறது, ஆனால் திரும்பிப் போகிற துணிச்சல் அண்ணனுக்கு இல்லை என்றாள். என் கணவர் எட்டிப் பார்த்து, "சாப்பிட்டீகளா?" என்றார். அவர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த தமிழ் அந்தக் கேள்வியும் அதற்குப் பதிலும்தான். "சாப்பிட்டேன்" என்றாள்.

இப்போது காலையில் எழுந்ததும் போனில் சாத்தூர் மழையையும் அவள் ஆற்றங்கரை ஊர் மழையையும் பார்க்கிறேன். யாரோ ஒருத்தி கேட்காமலே நம் ஆளின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள் என்றால், அவள் ஆற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று தெரியாமல் நமக்கு அன்றைய பொழுது ஓடமாட்டேன் என்கிறது.