வீட்டுக்கடனுக்காக நான் நல்லவனாக இருந்த வாரம்

வீட்டுக்கடன் கேட்டுப் போனால், பெண் கொடுக்கிற வீட்டார் மாப்பிள்ளையைப் பற்றித் தெருவெல்லாம் கேட்டுப் பார்ப்பதுபோல வங்கிக்காரர்களும் நம்மைப் பற்றிக் கேட்டுப் பார்ப்பார்கள் என்றுதான் நான் நம்பினேன். ஆள் எப்படி, குடிப்பாரா, வாய் எப்படி, சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பாரா? ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயதில் ஒரு மனிதன் இதை நம்பலாமா என்று கேட்டால், நம்பலாம். நான் நம்பினேனே.

கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து ஏற்றுகிற லோரி ஓட்டுகிறேன். என் மனைவி அதே தோட்டத்து ஆலையில் தூள் பொட்டலம் கட்டும் பிரிவில் இருக்கிறாள். குடியிருப்பது தோட்டத்து லயத்து வீட்டில். வேலை இருக்கிறவரைதான் அந்த வீடு. ஓய்வு பெறுகிற அன்றைக்குச் சாவியைக் கொடுத்துவிட்டுச் சட்டியோடும் பெட்டியோடும் வெளியே நிற்க வேண்டும். வெளியே என்றால் எங்கே என்று என் மனைவி சில வருடங்களாகவே கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் சில வருடங்களாகவே அதற்கு ஜோக் அடித்துக்கொண்டிருந்தேன். "லோரியில திரை கட்டிக்கலாம், நாளுக்கொரு ஊரு" என்பேன். ஒருநாள் அவள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த ஜோக்கை எடுக்கவில்லை.

கம்போங் ராஜாவில் ஒரு பூ வியாபாரி, மகளோடு இருக்க ஈப்போவுக்குப் போகிறார் என்று தெரிந்து அவர் வீட்டைப் பார்க்கப் போனோம். சின்ன வீடு. மனைவி சமையலறை ஜன்னலைத் திறந்தாள், மூடினாள், ஒன்றும் பேசாமல் வந்து மோட்டார் சைக்கிளில் ஏறிக்கொண்டாள். அவள் பேசவில்லை என்றால் ரொம்பப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். பிடிக்காவிட்டால் பிரிஞ்சாங் வரைக்கும் பேசுவாள்.

பூ வியாபாரி நல்ல மனிதர், ஆனால் ஏமாளி இல்லை. "தம்பி, கோலா தெர்லாவுல தக்காளி போடுற ஆளு ஒருத்தரு ரொக்கமாவே தர்றேங்கிறாரு. ஒனக்காக வெள்ளிக்கிழமை வரைக்கும் நிறுத்தி வெக்கிறேன். இவ்வளவு தர்றோம்னு பேங்க்காரன் சொல்லட்டும், முன்பணம் கொண்டா. இல்லன்னா கோவிச்சுக்காத" என்றார்.

வங்கியில் இதை 'முன் ஒப்புதல்' என்பார்களாம். வீட்டுக்குக் கை நீட்டுவதற்கு முன்பே, உன் சம்பளத்துக்கு இவ்வளவுதான் தருவோம் என்று அவர்கள் சொல்லிவிடுவது. பிரிஞ்சாங் கிளையில் எங்களைக் கவனித்தது ஒரு தமிழ்ப் பெண். சம்பளச் சீட்டுகளைப் புரட்டிவிட்டு, "கடன் பாக்கி ஒண்ணும் இல்ல, நல்லதுதான் அங்கிள். தலைமை அலுவலகத்துலேர்ந்து ஒங்க வேலை இடத்துக்குப் போன் பண்ணிக் கேப்பாங்க. அதுக்கப்புறம் முடிவு தெரிஞ்சிரும்" என்றாள்.

"யாருக்கிட்டம்மா கேப்பாங்க?"

"தோட்டத்து ஆபீஸ்லதான், அங்கிள்."

தோட்டத்து ஆபீசில் போன் எடுப்பவர் கணக்கு எழுதும் கிராணி.

கிராணிக்கும் எனக்கும் பகை கிடையாது. அவருடைய ஆபீஸ் போன் பழைய ரகம், யார் கூப்பிடுகிறார்கள் என்று காட்டாது. எனக்குக் குரல் மாற்றிப் பேச வரும். இந்த இரண்டும் ஒரே தோட்டத்தில் இருந்தால் ஒரு மனிதன் என்னதான் செய்வான்? தண்ணீர் இலாகா ஆள்போல மலாயில் பேசி, நாளைக்குத் தண்ணீர் வராது என்றேன். அவர் வீட்டிலிருந்த அண்டா குண்டா எல்லாவற்றையும் நிரப்பி வைத்தார். தலைமையகத்து அதிகாரிபோலப் பேசி, தோட்டத்தில் பூனைகள் எத்தனை என்று உடனே எழுதி அனுப்பச் சொன்னேன். ஆலைக்குப் பின்னால் குனிந்து குனிந்து அவர் எண்ணிக்கொண்டிருந்தபோது நான்தான் போய்ப் பூனைக்கு மீன்தலை போட்டேன், எண்ணிக்கை கூடட்டும் என்று.

இப்போது என் குணத்துக்கு அவர்தான் சாட்சி.

அவரிடம் போய் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் மதியத்துக்குள் லயம் முழுக்கப் பரவியிருக்கும். அதன் பிறகு வங்கி கையை விரித்துவிட்டால் ஆயுளுக்கும் என்னைக் கேலி செய்வார்கள். இத்தனை பேரைக் கேலி செய்தவனுக்கு அதன் விலை தெரியும். ஆகவே, சொல்லாமலே நல்லவனாக மாறிவிடுவது என்று தீர்மானித்தேன்.

மறுநாள் காலைப் பெரட்டில், பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும்போது, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். யாரையும் நக்கல் செய்யவில்லை. கொழுந்து எடுக்க வங்காளதேசத்திலிருந்து வந்திருக்கும் பையன் ஒருவன் பக்கத்தில் வந்து, பல்வலியா என்று கேட்டான். மனைவியோடு ஆலையில் வேலை செய்யும் பெண்கள், "அக்கா, அண்ணனுக்கு ஒடம்பு கிடம்பு முடியலையா? டவுன்ல காட்டிப் பாருங்க" என்றார்களாம்.

அன்று மத்தியானம் நல்ல ஸ்ட்ராபெரியாக ஒரு டப்பா வாங்கிக்கொண்டு கிராணியிடம் போனேன்.

"ஐயாவுக்குத்தான்" என்றேன், குரலில் தேன் ஒழுக.

அவர் டப்பாவைத் தொடவில்லை. பென்சிலால் மூடியை நெம்பினார். "உள்ள என்னய்யா வெச்சிருக்கே?"

"பழம்தான் ஐயா."

"அப்படியா? நீயே மொதல்ல ஒண்ணு தின்னு."

தின்றேன்.

"அந்த ஓரத்துல இருக்கிறத. இப்ப அடியில கெடக்கிறத."

இப்படிச் சோதித்துச் சோதித்துக் கடைசியில் முழு டப்பாவையும் எனக்கே ஊட்டிவிட்டார். "ஒண்ணுமில்லியே! பின்ன எதுக்குய்யா கொண்டாந்தே?" என்று அப்போதும் சந்தேகமாகவே பார்த்தார்.

வியாழக்கிழமை கொழுந்தை ஆலையில் இறக்கிவிட்டு ஆபீஸ் பக்கம் போனேன். கிராணி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். பரிசு வாங்கியவர்போல முகமெல்லாம் சிரிப்பு.

"வாய்யா, வா! இந்தத் தடவ மாட்டுனது நானா நீயா?"

"என்ன ஐயா?"

"நடிக்காதலா! பேங்க்னு சொல்லிக்கிட்டு மலாய்ல போன் பண்ணே இல்ல? இந்தப் பேருல ஆள் இருக்காரா, நிரந்தர வேலையான்னு? நல்லாத்தான்யா கொரல மாத்தியிருந்தே, கொஞ்சம் சளி புடிச்ச மாதிரி. நான் விட்டேனா? அந்த ஆளு செத்துட்டாரு, நேத்துதான் பொதைச்சோம்னேன்! அந்தப் பக்கம் பேச்சையே காணோம். 'தகவலுக்கு நன்றி'ன்னு சொல்லி வெச்சுட்டே. எப்படி?"

நான் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். செத்தவனுக்கு உட்கார அனுமதி உண்டா என்று யோசிக்கக்கூட முடியவில்லை.

"ஐயா, அது நான் இல்ல."

அவர் இன்னும் சத்தமாகச் சிரித்தார்.

"சத்தியமா ஐயா. பேங்க்தான். வீடு வாங்கப் போறேன். நாளைக்குத்தான் கெடு."

"வீடு! நீ! ஒனக்கு எவன்யா கடன் குடுப்பான்?" கண்ணில் வந்த தண்ணீரை அவர் துடைத்துக்கொண்டார். நான் என்ன முகம் வைத்தாலும் அது அவருக்கு வேடிக்கையாகவே இருந்தது. அழுதிருந்தால் கைதட்டியிருப்பார்.

நான் ஆலைக்கு ஓடிப்போய் மனைவியைக் கூட்டிவந்தேன். தலையில் வலையும் முன்னால் ஏப்ரனுமாக, கையில் தூள் ஒட்டியபடியே வந்து நின்றாள். என்ன நடந்தது என்று வழியிலேயே சொல்லியிருந்தேன். அவள் என்னைத் திட்டவில்லை. கிராணியைப் பார்த்து, "ஐயா, இவரு சொல்றது நெசம். கம்போங் ராஜாவுல வீடு பாத்திருக்கோம். அந்தப் போன் பேங்க்லேர்ந்து வந்ததுதான்" என்று மட்டும் சொன்னாள்.

கிராணியின் சிரிப்பு நின்றது. கழுத்துப் பட்டனைப் போட்டுக்கொண்டார், ஏனென்று தெரியவில்லை. "ஏம்மா, இத மொதல்லியே சொல்லக் கூடாதா?"

"இவருகிட்டக் கேளுங்க."

அவர் கேட்கவில்லை. என் கைப்பேசியிலிருந்து பிரிஞ்சாங் பெண்ணின் எண்ணை வாங்கித் தன் போனில் அழுத்தினார். "தோட்டத்து ஆபீஸ் கிராணி பேசுறேன்மா. காலையில ஒரு தப்பு நடந்துபோச்சு. தப்பு என்னோடது... இல்லம்மா, உயிரோடதான் இருக்காரு. எதுத்தாப்புலதான் ஒக்காந்திருக்காரு. ஆமா, மூச்சு விடுறாரு."

அந்தப் பக்கம் அந்தப் பெண் என்ன சொன்னாளோ, இவர் தலையாட்டிக்கொண்டே குறித்துக்கொண்டார். மேனேஜர் கையெழுத்துப் போட்ட வேலை உறுதிக் கடிதம் வேண்டும், அது போனால் தலைமை அலுவலகத்திலிருந்து இன்னொரு தடவை கூப்பிடச் சொல்லிப் பார்க்கிறேன், உறுதி சொல்ல முடியாது என்றாளாம். கிராணி அங்கேயே உட்கார்ந்து கடிதத்தை அடித்தார். மேனேஜர் துரை ஆலைக்கு மேலே புதுச் செடி நட்ட சரிவில் இருக்கிறார் என்றதும், குடையை எடுத்துக்கொண்டு மழைத்தூறலில் அவரே ஏறிப் போனார். வருகிற வருடம் ஓய்வு பெறப்போகிற மனிதர். நான் போகிறேன் என்றதற்கு, "நீ குடுத்தா அவரு கையெழுத்துப் போட மாட்டாரு, வெளையாட்டுன்னு நெனப்பாரு" என்றார். அதுவும் நியாயம்தான்.

சேறு அப்பிய செருப்போடு திரும்பி வந்து, கடிதத்தை அனுப்பிவிட்டு, மனைவி ஆலைக்குப் போகும்வரை காத்திருந்து என்னிடம் மெதுவாகக் கேட்டார். "ஏன்யா, பேங்க்ல எந்த வயசு வரைக்கும் குடுக்கிறானுங்களாம்?"

அவரும் தோட்டத்து வீட்டில்தான் இருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "கேட்டுச் சொல்றேன் ஐயா" என்றேன். வாயில் ஒரு ஜோக்கும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம்வரை அவர் சாப்பிடக்கூட எழுந்து போகவில்லை. போன் வந்ததும் எழுந்து நின்று பேசினார். ஆமாம், வேலை செய்கிறார். ஆமாம், நிரந்தரம்தான். அவ்வளவுதான் கேட்டார்கள்.

நாலு மணிக்குப் பிரிஞ்சாங் பெண் கூப்பிட்டாள். முன் ஒப்புதல் கிடைத்துவிட்டது. பூ வியாபாரி சொன்ன விலையைவிடத் தொகை கொஞ்சம் குறைவு. மீதிக்குச் சேமநிதியில் எடுப்பது என்று முடிவு செய்தோம். இருட்டுவதற்குள் நானும் மனைவியும் கம்போங் ராஜாவுக்குப் போய் முன்பணத்தைக் கொடுத்தோம்.