என் விலை ஒரு படி தவிடு

நான் தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை. நாலு வயதிலிருந்தே எனக்கு இது தெரியும். சோறு சிந்தினாலும் சொல்வார்கள், சட்டையைக் கிழித்தாலும் சொல்வார்கள். விற்றவள் யாரென்றும் தெரியும். கடலோரக் குப்பத்திலிருந்து பாகூர்ப் பக்கத்து எங்கள் ஊருக்குக் கூடை சுமந்து வரும் மீன்காரம்மா. "எம்புள்ள எப்பிடி கீறான்?" என்று கேட்டுவிட்டுத்தான் கூடையையே இறக்குவாள். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? போதாக்குறைக்கு என் மூக்கில் குத்திய தழும்பு வேறு. விற்பனை முத்திரை என்று நானே முடிவுகட்டியிருந்தேன்.

வாங்கிய பொருள் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுப்பதுதானே உலக வழக்கம்? அந்தப் பயத்தில்தான் கோமாளியானேன். அப்பாவின் முகம் சுருங்கினால் எருமை மாதிரி அசைபோட்டுக் காட்டுவேன். வாத்தியார் போலத் தும்முவேன். சிரிக்கிறவர்கள் பிள்ளையைத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள் அல்லவா? ஆனால் குழம்பு மட்டும் இரண்டாவது முறை கேட்டதே இல்லை. தீனிச் செலவு அதிகமென்று தோன்றிவிட்டால்?

பதிமூன்று வயதில் ஒருநாள், கூட்டாளிகளுக்கு எருமையாக நடித்துக் காட்டுவதில் லயித்துப் போனேன். என் காவலில் இருந்த அசல் எருமை கரும்புக்குள் புகுந்து விருந்து சாப்பிட்டது. அன்று அப்பா சிரிக்கவில்லை.

"தவிட்ட வாங்கினு இவன அங்கயே வுட்டுட்டு வா" என்றார் அம்மாவிடம். அம்மா கீரை ஆய்வதை நிறுத்தவேயில்லை.

பிரெஞ்சுக்காரன் ஆட்சி எங்கள் பக்கத்தை விட்டுப் போய்விட்டாலும், பிரெஞ்சுக் குடியாகவே இருக்க விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாமாம் என்று டீக்கடையில் ஒரே பேச்சாக இருந்த வருஷம் அது. பெரியவர்களெல்லாம் நாட்டையே தேர்ந்தெடுக்கும்போது நான் ஒரு தாயைத் தேர்ந்தெடுக்கக் கூடாதா? ஒரே ஒரு சிக்கல். மீன்காரம்மாவிடம் மாடு இல்லை, திருப்பித் தரத் தவிட்டுக்கு எங்கே போவாள்? அதனால் எங்கள் வீட்டுத் தவிட்டிலேயே ஒரு படி திருடித் துண்டில் முடிந்துகொண்டு, தவளக்குப்பம் தாண்டிக் குப்பத்துக்கு நடந்தேன். என்னை மீட்க வேண்டிய விலையை நானே சுமந்து போன புத்திசாலி நான்.

அவள் மணலில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். சிரித்த சிரிப்பில் காக்கைகள் பறந்தன. பிறகு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னாள். எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லையாம். எமனை ஏய்க்க மூக்கைக் குத்தி, என்னை முறத்தில் போட்டு அவளிடம் கொடுத்து, தவிட்டுக்குத் திரும்ப வாங்கினார்களாம். வேற்றுப் பிள்ளை என்று எமன் நம்ப வேண்டுமே, அதற்காகத்தான் இன்றுவரை ஓயாமல் அப்படிச் சொல்வதாம்.

"உங்கம்மா ஒரு படிதான் கொண்டாந்தா. நான் வெளையாட்டுக்கு, இது பத்தாதும்மான்னேன். பச்ச ஒடம்புக்காரி, மூட்டையவே இழுத்துனு வந்துட்டாடா" என்றாள்.

தவிட்டு முடிச்சை அங்கேயே மறந்துவிட்டு, திரும்பி வரும் வழியெல்லாம் ஓடினேன், குதித்தேன், ஒரு பனைமரத்தைக் கட்டிப்பிடித்துச் சிராய்த்துக்கொண்டேன். முழு மூட்டை! எங்கள் தெருவில் எவனுக்கு அந்த விலை?

எருமைக்கு வைத்த தவிடு எங்கே என்று அம்மா கேட்டாள். நான் தட்டின் முன் உட்கார்ந்தேன். சாப்பிட்டு முடித்ததும் தட்டை நீட்டினேன்.

"இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்து."

அம்மா ஒரு கணம் என்னையே பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்து, நன்றாகக் கேட்கும்படி, "தவிட்டுக்கு வாங்கினதுக்கு வாயப் பாரு" என்றாள்.

சொல்லிவிட்டு, தட்டு வழிய ஊற்றினாள்.