கடுக்கனுக்கு ஏற்ற காது

தாத்தாவின் கடுக்கனை அழித்து எனக்கு ஜிமிக்கி செய்துவிடுவது என்று அம்மா முடிவெடுத்த அன்று காலை, நான் ஒயிட் டவுனில் ஒரு மஞ்சள் சுவருக்கு முன்னால் சுற்றுலாக்காரர்களை நிற்கவைத்து, பழையதை இடிக்காமல் வைத்திருப்பதுதான் நாகரிகம் என்று ஆங்கிலத்தில் விளாசிக்கொண்டிருந்தேன். அதுதான் என் வேலை. வீதி வீதியாக நடத்திக்கொண்டு போய்ப் பழைய கட்டடங்களின் கதையைச் சொல்ல வேண்டும். அன்று கைதட்டல்கூடக் கிடைத்தது. முதலியார்பேட்டையில் வீட்டுக்கு வந்தால், சாப்பாட்டு மேசை மேல் இடிப்பு வேலைக்கு நாள் குறித்தாயிற்று.

"அழிக்கறதுன்னா இன்னாம்மா அர்த்தம்?"

"அழிக்கறதுதான். ஜிமிக்கியா பண்ணிட்டா காலத்துக்கும் போட்டுக்கலாம். ஆம்பள நகைய வெச்சிக்கினு இன்னா பண்ணப் போற? கல்லை மட்டும் ஆசாரிகிட்ட கேட்டு வாங்கியாந்து தரேன், டப்பால போட்டு வெச்சிக்கோ."

"அது தாத்தா போட்டுக்கினு இருந்தது!"

"அந்தக் கடுக்கனே உங்க தாத்தாவோட அம்மா மேல்காதுல போட்டிருந்த கொப்ப அழிச்சிப் பண்ணதுதான். அதுக்கு அவரு இன்னா அழுதுக்கினா இருந்தாரு?"

வாதத்தில் தோற்கும்போது சத்தம் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். போட்டேன்.

ஒற்றைச் சிவப்புக் கல், சுற்றிலும் தங்கம், பின்னால் திருகு. அவ்வளவுதான் அந்தக் கடுக்கன். தாத்தா என்னைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவார். வழி நெடுக எனக்குத் தெரிவது அவர் முதுகும் இரண்டு காதுகளும்தான். காலையில் வடக்கே போகும்போது வெயில் வலது காதில் விழும், கல் பற்றிக்கொண்டு எரியும். சாயங்காலம் தெற்கே திரும்பும்போதும் வெயில் வலது பக்கமே. இடது கடுக்கனுக்கு அந்த யோகம் கடைசிவரை வாய்க்கவில்லை. ஒருநாள் இதை அவரிடம் சொன்னேன். அன்று சாயங்காலம் திரும்பி வரும்போது ஒரு காலியிடத்தில் சைக்கிளை வட்டமடித்து, "இப்ப இந்தக் காதுக்கும் பட்டுச்சா?" என்று கேட்டார். அவர் போய் ஒரு வருஷம் ஆகிறது. அவரை நினைத்தால் எனக்கு முகத்துக்கு முன்னால் காதுதான் வரும்.

சத்தம் அடங்கியதும் அம்மா ஒரு சலுகை தந்தாள். அத்தை மகள் கல்யாணத்துக்கு அதை நான் இரண்டு காதிலும் போட்டுக்கொண்டு வந்துவிட்டால் கடுக்கன் பிழைக்கும். இல்லாவிட்டால் ஜிமிக்கி. சலுகையில் இருந்த சூது அன்று இரவே தெரிந்தது. என் காது ஓட்டை அழகு நிலையத்தில் துப்பாக்கியால் சுட்டது, ஊசி முனைக்குத்தான் வழிவிடும். கடுக்கனின் தண்டோ தீக்குச்சித் தடிமன்.

புதுத் துடைப்பம் ஒன்று வாங்கிவந்தேன். அதில் ஒரு ஈர்க்குச்சியை உருவி, ஒடித்து, தேங்காய் எண்ணெயில் தோய்த்துக் காதில் செருகினேன். ஒரு வாரம் கழித்து இன்னொன்று, பிறகு இன்னொன்று. குச்சியும் காதுமாகவே சுற்றுலாக்காரர்களை நடத்திக்கொண்டு போனேன். பிரான்சிலிருந்து வந்த ஒரு பெண்மணி உற்றுப் பார்த்து, இது இந்த ஊர்ப் பாரம்பரியமா என்று கேட்டார். ஆமாம், மிகத் தொன்மையானது என்றேன். போட்டோ எடுத்துக்கொண்டார். துடைப்பத்தின் விலைச் சீட்டு இன்னும் சமையலறையில் கிடந்தது.

இடது காது சொன்ன பேச்சைக் கேட்டது. வலது காது வீங்கியது, சீழ் கோத்தது, டாக்டர் திட்டினார். குச்சியை எடுக்க வேண்டியதாயிற்று. எடுத்ததும் அது நன்றியில்லாமல் மூடிக்கொண்டது.

கல்யாணத்தன்று காலை இடது கடுக்கன் சுலபமாக ஏறியது. வலதுக்கு நான் கண்ணாடி முன் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"ஒத்தைய போட்டா போட்ட கணக்கு இல்லடி," என்றாள் அம்மா. "நாளைக்கு ஆசாரிய வரச் சொல்லிடறேன்."

"பாதி போட்டுட்டேன் இல்ல? பாதிய அழிச்சி ஒத்த ஜிமிக்கி பண்ணுவியா?"

அப்பா வேட்டி கட்டிக்கொண்டிருந்தார். இந்த விவகாரத்தில் அதுவரை வாயே திறக்காதவர். "இப்படிக் குடு," என்று என் கையிலிருந்ததை வாங்கினார். சின்ன வயதில் காது குத்தி, காலேஜில் பையன்கள் கிண்டல் செய்தார்கள் என்று கழற்றிப்போட்ட காது அவருடையது. கொஞ்சம் எண்ணெய் தொட்டுத் தடவி, வலது காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரே அழுத்து. "ஸ்ஸ்…" என்றார். ஒரு சொட்டு ரத்தம். கடுக்கன் உள்ளே போயிருந்தது.

"ரெண்டு காதுன்னுதானே சொன்ன?" என்றார் அம்மாவிடம். "இதோ ரெண்டு."

மூலக்குளத்து மண்டபத்தில் வாசலிலேயே அத்தை அவரைப் பார்த்துவிட்டாள். பெண்ணைப் பெற்றவள், ஆயிரம் வேலை இருக்கும். எல்லாவற்றையும் விட்டுவிட்டு, "அப்பாவே நடந்து வந்த மாதிரி இருக்கேண்ணே," என்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகு அப்பாவோடு படம் எடுத்துக்கொள்ள ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். மாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு கூட்டம் இல்லை.

நான் முடியை இடது காதுக்குப் பின்னால் ஒதுக்கி ஒதுக்கி நின்றேன். கடைசியில் ஒரு பெரியம்மா கவனித்தாள்.

"ஐயையோ, இன்னொரு கம்மல் எங்கடி? தொலைச்சிட்டியா?"

நான் விளக்குவதற்குள் நாலு பேர் நாற்காலிக்கு அடியில் குனிந்துவிட்டார்கள். பந்தியில் இலை போடுகிறவரிடம்கூடச் சொல்லி வைத்தார்கள், சிவப்புக் கல் கிடைத்தால் எடுத்துக் கொடுங்கள் என்று.

ஆசாரி வரவில்லை. அம்மா அவர் பேச்சையே எடுக்கவில்லை. அப்பா கடுக்கனைக் கழற்றவும் இல்லை. அது எனக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு ஒருநாள் அவர் ஆபீஸ் கிளம்பும்போது, இடது காதில் என்னவோ நீட்டிக்கொண்டிருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். ஈர்க்குச்சி.

"என்னப்பா இது?"

"ஒண்ணும் இல்ல பாப்பா…" சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஒத்தையா போட்டா காலேஜ் பசங்க மாதிரி இருக்குன்றாங்க ஆபீஸ்ல. உனக்கு வேணும்னா நீயே வெச்சிக்கோ. நான் சும்மா சொன்னேன்."

"பரம்பரை நகை," என்றாள் அம்மா உள்ளேயிருந்து. "ஜோடியைப் பிரிச்சிப் போடக் கூடாதுடி. அதுவும் புள்ள உயிரோட இருக்கறப்ப பேத்திக்கு இன்னா அவசரம்?"

உருக்குவதற்கு நாள் பார்த்தவளின் வாயிலிருந்து இதைக் கேட்க நேர்ந்ததை எந்தச் சுற்றுலாக்காரரிடமும் நான் சொல்லிக்கொள்ள முடியாது. என் காதிலிருந்ததைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன். அவரால் திருக முடியவில்லை, அதனால் நானே திருகிவிட்டேன். பின்னாலிருந்து பார்க்க, அந்தக் காதுமடல் தாத்தாவுடையதைப் போலவே கீழே கொஞ்சம் மடிந்திருந்தது. அப்பாவுக்குப் பின்னால் அவ்வளவு கிட்டத்தில் நான் நின்றதே இல்லை.

என் காதுக்கு, காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு கவரிங் தோடு வாங்கினேன், தடித்த தண்டாகப் பார்த்து.

"அந்தத் தகரத்த இன்னாத்துக்கு மாட்டிக்கினு இருக்கற?" என்றாள் அம்மா, வெங்காயம் நறுக்கியபடி. "மறுபடியும் புண்ணாவப் போவுது."

"எடுத்தா ஓட்டை தூந்துடும்மா."

"தூந்தா தூரட்டும். தொறந்து வெச்சிக்கினு இன்னா பண்ணப் போற?"

"இல்ல, அப்பாவுக்கு அப்பறம்…" என்று ஆரம்பித்தவள் அங்கேயே நின்றுவிட்டேன்.

அம்மாவின் கத்தி நின்றது. கூடத்தில் அப்பா கண்ணாடி முன் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்கவில்லை.

தோட்டைக் கழற்றி ஜன்னல் கட்டையில் வைத்தேன். அது வாரக்கணக்காக அங்கேயே கிடக்கிறது. காதை அடிக்கடி தடவிப் பார்க்கிறேன். வலது காது ஒரே ராத்திரியில் மூடிக்கொண்டது. இது இன்னும் தூர்ந்தபாடில்லை.