சரசு கட்டிய விபூதித் துணி

உலகத்தில் செய்த சென்சார்களில் பாதியை விழுங்கியது என் கிழட்டுக் கார்தான். எத்தனை மாற்றினாலும், கோவிந்தாபுரம் போவதற்குள் என்ஜின் கோளாறு விளக்கு எரிந்துவிடும்.

இன்று கொல்லங்கோட்டு மெக்கானிக் செந்தில் என்ஜினுக்குள் தலையை விட்டு, பாற்கடலைக் கடைந்தவர்போல் நிமிர்ந்தார்.

"ஏனுங்க மாமா, சென்சார் மேல தப்பே இல்லீங்க. எர்த் ஒயர் போல்ட்டுல யாரோ துணி கட்டியிருக்காங்க. ஈரம் புடிச்சுத் துருவேறிப் போச்சுங்க. அப்புறம் எந்தச் சென்சார் போட்டாலும் எப்படீங்க நிக்கும்?"

பழனி விபூதி முடிந்த மஞ்சள் துணி. முடிச்சைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, என் மனைவி சரசுவின் வேலை. நான் ஓட்டும் லட்சணத்துக்கு முருகனைக் காவல் வைத்திருக்கிறாள், என்னிடம் சொல்லாமலே. அவள் போய்ச் சேர்ந்து இந்த ஆடியோடு ஒரு வருடம்.

"குப்பையில கடாசிரட்டுங்களா மாமா?"

கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

துணி இப்போது சட்டைப்பையில். விளக்கு அணைந்துவிட்டது. வீடு வரும்வரை கார் ஒரு குறையும் சொல்லவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

"ஏனுங்க, மெல்லப் போங்க" என்று பக்கத்து சீட்டிலிருந்து அதட்டும் சென்சார் எந்தக் கடையில் கிடைக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.