நூற்றுப் பன்னிரண்டு கட்டங்கள்

இசைக்குழுவை நடத்தும் குச்சியைக் கையில் எடுத்ததும் அத்தான் கடைசி வரிசையைப் பார்த்து ஒருமுறை தலையசைப்பார். அதன் பிறகுதான் கை உயரும். பத்தொன்பது வருடங்களாக ஒரு ஒத்திகையில்கூட இது தவறியதில்லை. பார்க்க வந்தவர்கள், மனசுக்குள் ஏதோ வேண்டிக்கொள்கிறார் என்று நினைத்தார்கள். கடைசி வரிசையில் செம்பு அண்டா போன்ற இரண்டு முரசுகளுக்குப் பின்னால் நின்ற அவருடைய மைத்துனருக்கு மட்டும் அது எப்போது தொடங்கியது என்று தெரியும்.

மைத்துனருக்கு மருந்துக்கடையில் வேலை. நாள் முழுக்க மாத்திரை எண்ணி உறையில் போட்டுக் கொடுப்பார். ஒன்று கூடியது, ஒன்று குறைந்தது என்று யாரும் திரும்பி வந்ததில்லை.

அத்தான் தையல்காரர் மகன். அந்த வீட்டில் முதன்முதலில் கல்லூரிப் படி ஏறியவர். படித்தது கணக்கு, விடாமல் ஒட்டிக்கொண்டது பள்ளி பேண்டில் பழகிய கிளாரினெட். முப்பத்தொரு வருடம் ஒரே பள்ளியில் இசை ஆசிரியர். சனிக்கிழமை மாலைகளில் அதே பள்ளியின் பெரிய கூடத்தில் பல் டாக்டர், தபால்காரர், லிஃப்ட் மெக்கானிக் என்று நாற்பத்திரண்டு பேரை உட்காரவைத்து இசைக்குழு நடத்தினார். யாருக்கும் சம்பளம் கிடையாது, அவர் உட்பட.

இசைக்குழு நடத்துபவரைக் கண்டக்டர் என்பார்கள்; தெருவிலும் அவர் பெயர் அதுதான். "என்ன கண்டக்டரே, இன்னிக்கு எந்த ரூட்டு?" என்பார் இஸ்திரிக்கடைக்காரர்.

"நீ ஏறு மொதல்ல, அப்புறம் சொல்றேன்."

வகுப்பில் பிள்ளைகளுக்கு அவர் முதலில் கற்றுக்கொடுத்தது வாசிக்காமல் இருப்பதை. இசைத்தாளில் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கும். நமக்கு வேலையில்லாத கட்டங்களை முழங்கால்மேல் விரல் வைத்து எண்ண வேண்டும். "ஊதறதுக்கு யார் வேணா சொல்லித் தருவாங்க. சும்மா இருக்கறதுக்கு நான்தான் சொல்லித் தரணும்." பெரியவர்களுக்கும் ஒரு சட்டம் உண்டு. "என் கை காட்டாம யாரும் உள்ள வரக்கூடாது. மச்சானா இருந்தாலும் சரி."

அந்தத் தலையசைப்பு தொடங்குவதற்கு முந்தைய சனிக்கிழமை நகரசபைக்காரர்கள் மூன்று பேர் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். குழுவைச் சம்பளக் குழுவாக ஆக்கலாமா என்று அன்று முடிவு. முரசுக்கு நூற்றுப் பன்னிரண்டு கட்டம் ஓய்வு. பிறகு ஒரு பெரிய உருட்டு. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் மற்ற எல்லோரும் கடைசிப் பகுதிக்குள் நுழைவார்கள். மைத்துனர் எண்ணினார். நூற்றுப் பத்து, நூற்றுப் பதினொன்று, நூற்றுப் பன்னிரண்டு. கோல்களைத் தூக்கிக்கொண்டு அத்தானைப் பார்த்தார். கை வரவில்லை. அத்தான் தன் இசைப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டி எதையோ தேடிக்கொண்டிருந்தார். சட்டப்படி மைத்துனர் அடிக்கவில்லை. வயலின்கள் ஒரு பக்கம் போயின, குழல்கள் ஒரு பக்கம் போயின, பிறகு எல்லாம் நின்றது.

"பின்வரிசைல எண்ணிக்கை தவறிடுச்சு. மன்னிக்கணும்," என்றார் அத்தான், முன்வரிசையைப் பார்த்து.

சம்பளம் வரவில்லை. மைத்துனருக்கு ஒரு பெயர் வந்தது. அடுத்த வாரமே பல் டாக்டர் ஆரம்பித்துவைத்தார். "வாங்க நூத்திப்பன்னண்டு! வாசல் படியெல்லாம் சரியா எண்ணி ஏறினீங்களா?" அத்தானைக் கட்டிய அக்கா சிரிக்கவில்லை. "நீ மட்டும் ஒழுங்கா எண்ணியிருந்தா அவர் இந்த வயசுல வீடு வீடா ட்யூஷன் போவாராடா?" என்றாள். ஒரே ஒருமுறைதான் சொன்னாள்.

அத்தானே ஒருநாள் அவளிடம் உண்மையைச் சொல்வார் என்று மைத்துனர் காத்திருந்தார். ஒரு வாக்கியம் போதும். தலையசைப்பு வந்தது, வாக்கியம் வரவில்லை. போகப்போக, எண்ணுவதைப் போலக் காத்திருப்பதும் பழகிவிட்டது. வலிக்கவில்லை. மரத்த கால்போலக் கூடவே வந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம், அக்கா மாத்திரை வாங்கக் கீழே போயிருந்தபோது, படுக்கையில் கிடந்த அத்தான் மைத்துனரின் கையைப் பிடித்தார்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க அத்தான்."

பிடித்த கையை அத்தான் மெல்ல விட்டார். "இடது முரசுத் தோல் தளர்ந்துபோச்சு. மாத்திடு."

"மாத்திடறேன்."

நான்கு நாளில் போய்விட்டார். மைத்துனர் அழவில்லை. மறுநாளே கடையில் நின்று மாத்திரை எண்ணினார். தோலையும் மாற்றினார்.

அடுத்த மாதம் அக்கா கூப்பிட்டனுப்பினாள். குழுவின் இசைப் புத்தகங்களை மேசைமேல் அடுக்கி வைத்திருந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது நகரசபைக்காரர்கள் வந்த அன்று அத்தான் வைத்திருந்த புத்தகம். மைத்துனர் பிரித்தார். முரசு நுழையும் இடத்துக்கு முந்தைய தாளில் ஒரு கிளிப் செருகியிருந்தது. துருப்பிடித்துத் தாளில் அச்சு விழுந்திருந்தது.

"இது எப்பக்கா போட்டாரு?"

"அதுவா? நகரசபைக்காரங்க வந்தாங்களே, அன்னிக்குதான். வந்ததும் சட்டைகூட மாத்தல. ரெண்டு தாள் ஒண்ணா ஒட்டிட்டுத் திரும்பிடுதுன்னு சொல்லி கிளிப் தேடினாரு. நான்தான் எடுத்துக் குடுத்தேன்." அவள் அடுத்த புத்தகத்தைத் துணியால் துடைக்கப் போனாள். சொன்னது என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை.

மைத்துனருக்குத் தெரிந்தது. வாய் திறந்தால் போதும். அக்கா கெட்டிக்காரி, ஒரு நிமிடத்தில் புரிந்துகொள்வாள். பிறகு இந்த மேசை, சுவரில் மாட்டியிருக்கும் அத்தானின் கறுப்புக் கோட்டு, முப்பத்தைந்து வருடக் குடித்தனம், எல்லாவற்றையும் முதலிலிருந்து எண்ணிப் பார்ப்பாள்.

"எல்லாத்தையும் நேர் பண்ணிட்டேன்டா. லைப்ரரி புக்கு, ட்யூஷன் பசங்க நோட்டு, எல்லாம் திருப்பியாச்சு," என்றாள் அக்கா. "ஒண்ணு சொல்லணும், உங்க அத்தான் யாருக்கும் ஒரு பாக்கி வெக்காமப் போனாரு."

மைத்துனர் புத்தகத்தை மூடினார். விரல் நுனியில் துரு ஒட்டியிருந்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"ஆமாக்கா," என்றார்.