தெருவுக்கெல்லாம் ஒரே அளவு ஜாக்கெட்

பம்பாயிலும் பாரிசிலும் துணி தைக்கிற பெரிய மனிதர்கள் காலையில் எழுந்ததும் உத்திரமேரூர் இருக்கிற திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் மிஷினில் கால் வைக்கிறார்கள். எங்கள் தெரு அம்முலு அக்காவுக்குத்தான் அந்தக் கும்பிடு. பாரிசுக்காரர்களுக்கு இந்த விஷயம் இன்னும் தெரியாது. தெரிந்தால் போடுவார்கள்.

அக்கா சின்ன வயதிலேயே மெட்ராசுக்குப் போய்விட்டது. முதலில் போட்டோவுக்கு நின்றது. சோப்பு, குடை, கடைசியில் ஒரு உரக்கடை காலண்டருக்கு லட்சுமி. தாமரையில் நிற்கிற அந்த லட்சுமி எங்கள் ஊரில் பாதி வீட்டுச் சுவரில் தொங்கியது. வெள்ளிக்கிழமையானால் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். பிறகு சினிமா. கதாநாயகிக்குப் பின்னால் குடத்தோடு வருகிற தோழிகளில் இடது கோடி அக்காதான். ஒரு படத்தில் வசனம்கூட உண்டு, "ஐயையோ, பாம்பு!" என்று. படம் வந்தபோது பாம்பு இருந்தது, அக்கா இல்லை.

கூப்பிடாத நாட்களில் உடுப்பு அறையில் உட்கார்ந்து கிழிசல் தைத்தது. வெட்டக் கற்றுக்கொண்டது. அப்புறம் கூட நடிக்கிறவர்களுக்கெல்லாம் புதுப்புது ஜாக்கெட் மாதிரிகளைத் தானே வரைந்து தைத்துக் கொடுத்தது. முகத்தைக் கேட்கிறவர்கள் குறைந்ததும், ஒரு தையல் மிஷினோடு செங்கல்பட்டு பஸ்ஸில் வந்து இறங்கி, எங்கள் பக்கத்து வீட்டு முன்னறையை வாடகைக்குப் பிடித்து 'அம்முலு லேடீஸ் டெய்லர், மெட்ராஸ் பேஷன்' என்று போர்டு மாட்டியது.

ஒருத்தியும் வரவில்லை. சுவரில் இருந்தால் லட்சுமி, தெருவுக்கு வந்தால் கூத்தாடி.

இன்னொரு சங்கடமும் இருந்தது. கடைத்தெருவில் தைக்கிற வேதகிரி ஆண்பிள்ளை. அவர் டேப்பு பிடிக்க யாரும் நிற்க மாட்டார்கள். நன்றாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றை அளவுக்குக் கொடுத்தனுப்புவார்கள். எங்கள் தெருவில் நன்றாக அமைந்தது ஒன்றே ஒன்று, சொக்கம்மாள் அத்தையுடையது. அதையே எல்லோரும் இரவல் வாங்கிக் கொடுத்தார்கள். ஒல்லி, குண்டு, பிள்ளைத்தாய்ச்சி எல்லோருக்கும் சொக்கம்மாள் அத்தையின் அளவு. எங்கள் தெருவில் எந்தக் கல்யாணப் பெண்ணும் கையைத் தூக்கி மாலை போட்டதில்லை. மாப்பிள்ளைதான் குனிவார். நாங்கள் அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் எல்லம்மாள் பெரியம்மா பட்டுத் துணியும் அளவு ஜாக்கெட்டுமாக அக்காவிடம் வந்தது. மகள் ஆதிலட்சுமிக்குக் கல்யாணம். வேதகிரி கையில் வேலை நிறைய.

"இது யாருது?" என்றது அக்கா.

"சொக்கம்மாளோடது."

"கல்யாணம் யாருக்கு?"

"எம் பொண்ணுக்கு."

"அப்ப இத வூட்ல வெச்சிட்டு பொண்ண இட்டுக்கினு வா."

"இன்னாது! சினிமாக்காரி மாதிரி நிக்க வெச்சி அளப்பியா? வேதகிரி கால்ல வுழுந்தாவது தெச்சிக்கிறேன் போ!"

பெரியம்மா போன பிறகு அக்கா மிஷினுக்கு எண்ணெய் விட்டது. ஓடாத மிஷினுக்கு என்ன எண்ணெய் என்று கேட்டேன்.

"விக்கறதுக்குத்தான். கார்த்திக தீபத்துக்குள்ள நாலு பேரு வரலன்னா மெட்ராசுக்கே பூடுவேன். சினிமா கம்பெனில பொடவ மடிக்கிற வேல ஒண்ணு கீதாம்."

"நல்லா மடிப்பியா?" என்றேன். வேறு என்ன சொல்வது?

மறுநாள், மழையில் நனைந்துவிட்டதென்று சொக்கம்மாள் அத்தை வீட்டுக் கொடியில் காயப்போட்டிருந்த அளவு ஜாக்கெட் காணாமல் போனது. குழாயடியில் ஒரே கூச்சல். பெருமாள் கோயில் குரங்குதான் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் ஓடியது. பார்த்தது நான் மட்டும்தான்.

"ஜாக்கெட் போட்டுக்கினா ஓடிச்சி?" என்று அத்தை என்னை முறைத்தது.

"இல்லத்த. தோள்ல போட்டுக்கினு."

அளவு இல்லாமல் வேதகிரி கத்திரியைத் தொட மாட்டார். வேறு வழியில்லாமல் எல்லம்மாள் பெரியம்மா, தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஆதிலட்சுமியை அக்கா வீட்டுக்குள் தள்ளியது.

"கைய தூக்கு. இன்னும் நல்லா தூக்கு. மாப்ள இன்னா ஒசரம்?"

"தெரியாதுக்கா. தலய குனிஞ்சிக்கினேதான் பாத்தேன்."

"அப்ப கால்தான் தெரிஞ்சிருக்கும்."

"திருமுக்கூடல்காரரு. தென்னமரமாட்டம் இருப்பாராம்" என்றேன் நான்.

அக்கா ஒரு பழைய காலண்டர் தாளின் பின்புறத்தில் வரைந்தது. தோளில் கொஞ்சம் சுருக்கம், முழங்கை வரை கை, ஓரத்தில் பட்டுக்கரை. அன்றைக்குத்தான் அந்த முகத்தை நேராகப் பார்த்தேன். காலண்டரில் இருந்ததைவிட நன்றாக இருந்தது. இதை யாரிடமும் சொல்லவில்லை.

முகூர்த்தத்தில் மாப்பிள்ளை வழக்கம்போலக் குனியப் போனார். அவர் குனிவதற்குள் ஆதிலட்சுமி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி மாலையைப் போட்டுவிட்டாள். மேளக்காரரே ஒரு அடி தவறவிட்டார். பெண்கள் பக்கத்தில் மாப்பிள்ளையை யார் பார்த்தார்கள்?

"கையப் பாருடி, எப்டி போவுது!"

"அம்முலு தெச்சதாமே?"

மறுநாளே வர ஆரம்பித்தார்கள். அளவு ஜாக்கெட் இல்லாமல், அவரவர் உடம்போடு. கடைசியில் சொக்கம்மாள் அத்தையும் வந்தது.

"எனக்கும் அள. அந்த ஜாக்கெட் எனக்கே பத்தாம பூட்டு எவ்ளோ நாளாச்சி!"

தீபத்தன்று அக்கா மிஷின் மேலேயே ஒரு அகல் ஏற்றி வைத்திருந்தது. சொக்கம்மாள் அத்தை கோயிலுக்குப் போயிருந்த நேரம். அத்தை வீட்டுக் கொல்லைப் பக்கம் எனக்குக் கொஞ்சம் அவசர வேலை இருந்தது. வாசலைக் கடப்பதற்குள் அக்கா கையைப் பிடித்துவிட்டது.

"பவளம், வா. உனக்கு ஒண்ணு தெக்கணும். துணி கூட எடுத்து வெச்சிட்டேன்."

"அப்பால வரேன்கா."

"நில்லுடி."

டேப்பு மார்பைச் சுற்றியது. இடுப்புக்கு வந்து நின்றது.

"இன்னாடி, மாரவிட இடுப்பு பெருசா கீது?"

"பொரி உருண்ட துன்னேன்கா."

அக்காவின் விரல் என் பாவாடை நாடாவுக்கு மேல் எதையோ நெருடியது.

"பொரி உருண்டைக்கு கொக்கி வெச்சி தெப்பாங்களா?"

சொக்கம்மாள் அத்தையின் ஜாக்கெட், நாலாக மடித்தது, வெளியே வந்தது. அக்கா அதை அகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தது, என்னைப் பார்த்தது. டேப்பை மறுபடி கையில் எடுத்தது.

"கோயில் கொரங்கே, கைய தூக்கு."