யூஜீன் டிரேனரின் சொந்த ஐந்து மணி நேரம்

ஒரு மணிச் செய்தியில் பிரிட்டனின் முன்னாள் பிரதமர் மார்கரெட் தாட்சர் செத்துப்போனதாக வானொலி சொன்னபோது, யூஜீன் டிரேனர் வெந்த உருளைக்கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தான். கிழங்கு கையைச் சுட்டது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

அயர்லாந்தின் மொனாகன் மாவட்டத்தில் செத்தவர் பெயரைச் சொன்னால், கூடவே ‘ஆண்டவர் இளைப்பாற்றி தரட்டும்’ என்று வாய் தானாகச் சொல்லிவிடும். வேலிக்கல்லை நகர்த்திப் போட்டு நிலத்தைத் தின்றவனாக இருந்தாலும் சரி, சந்தையில் சீக்கு மாட்டை ஏமாற்றி விற்றவனாக இருந்தாலும் சரி. அன்றைக்கு அந்தச் சமையலறையில் யார் வாயும் அதைச் சொல்லவில்லை.

“சரியா கேட்டியா?” என்றாள் டிம்ப்னா, அடுப்பிலிருந்து திரும்பி.

“கேட்டேன்.”

“எத்தனை வயசாம்?”

“எண்பத்தேழு. லண்டன்ல, பெரிய ஓட்டல்ல, மெத்தையில.” கிழங்கை அப்படியே வாயில் போட்டு மென்றான். “நம்ம பையன் சாகும்போது இருபத்தஞ்சு. கம்பிக்குள்ள, பட்டினி கிடந்து. நாக்கு வறண்டு, கண்ணு தெரியாம.”

டிம்ப்னா கையைத் துடைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். அவள் பார்வையில் இருந்த கேள்வி வேறு. நாற்பது வருஷம் குடித்தனம் நடத்தியவனுக்கு அது புரியாமல் இருக்குமா? இனி இவன் குடிக்கலாம். முப்பத்திரண்டு வருஷமாகக் கட்டி வைத்திருந்த சபதக் கயிறு இதோ அவிழ்ந்து கிடக்கிறது.

கால் மணி நேரத்தில் தொலைபேசி அடித்தது. பப் நடத்தும் பேக்கி மெக்வெய்ட்.

“யூஜீன்! ஊத்த ஆரம்பிச்சிரட்டுமா?”

“பாக்கலாம்.”

“பாக்கலாமா? உனக்காக வேலி அடிக்கிற மூணு பேர் வேலையை விட்டுட்டு வந்து உக்காந்திருக்கானுங்கடா. ஆறு மணிக்கு வந்துரு.”

ரிசீவரை வைத்துவிட்டு யூஜீன் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வயலுக்குப் போனான். பப்புக்குப் போகக் கூடாது என்றுதான் அப்போது நினைத்தான்.

அந்தச் சபதத்துக்கு முந்தைய யூஜீனைப் பற்றி ஊரில் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டான். இருபதில் பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் எடுக்கும் டேங்கர் லாரிக்கு ஓட்டுநர் ஆனான். அவன் போகும் சாலை, பிரிட்டன் ஆளும் வட அயர்லாந்தின் எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக வளைந்து வளைந்து போகும். ஆயுதக்காரர்கள் எல்லை தாண்டக் கூடாது என்று பிரிட்டிஷ் ராணுவம் அதை வெடி வைத்துப் பிளந்து போட்டது. நாலு மைலில் இருந்த பண்ணைக்குப் பதினெட்டு மைல் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆண்கள் மண்வெட்டியோடு போய்ப் பள்ளத்தை மூடுவார்கள். வியாழக்கிழமைக்குள் சிப்பாய்கள் வந்து மறுபடி பிளப்பார்கள். இது தாட்சர் ஆட்சிக்கு முன்பே தொடங்கியதுதான். ஆனால் அவள் இருந்த பதினொரு வருஷமும் அந்தச் சாலை திறக்கவில்லை. ஒவ்வொரு நாளும் அந்தப் பள்ளத்தின் முன்னால் லாரியைத் திருப்பும்போது அவன் அவளைத்தான் திட்டினான்.

திட்டிய வாயைக் கழுவப் பேக்கியின் பப்புக்குப் போவான். ஆறு கிளாஸ் கறுப்பு பீர், அதன் மேல் விஸ்கி. வீட்டு வாசலில் டிம்ப்னா நிற்பாள். “ஊது” என்பாள். ஊதுவான். முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். அவன் அம்மா சாகக் கிடந்தபோது கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், இனிமேல் குடிக்காதேடா என்று. தலையாட்டினான். அடக்கம் முடிந்த அன்றே மூக்கு முட்டக் குடித்தான். அந்த வருஷம் டிம்ப்னா ஒரு சூட்கேஸில் துணிமணிகளை அடுக்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். டண்டாக்கில் அவள் அக்கா வீடு. ஒரு பஸ் ஏறினால் போதும்.

எண்பத்தொன்று மே மாதம் ஐந்தாம் தேதி. வடக்கே சிறையில் பட்டினி கிடந்தவர்களில் முதல் ஆள் அறுபத்தாறாம் நாள் செத்தான். எங்களைக் குற்றவாளி என்று சொல்லாதே, அரசியல் கைதி என்று சொல், எங்கள் சொந்தத் துணியை உடுத்த விடு என்று கேட்டவன். தாட்சர் இறங்கி வரவில்லை. அன்று மாலை யூஜீன் பப்பில் இருந்தான். முன்னால் ஒரு தட்டு நிறைய ஆட்டுக்கறிக் குழம்பு, கையில் பாதி கிளாஸ். தொலைக்காட்சியில் செத்தவனின் அம்மாவைக் காட்டினார்கள். யூஜீன் கரண்டியைக் கீழே வைத்தான். தட்டைத் தள்ளினான். கிளாஸையும் தள்ளினான்.

“அவ இறங்க மாட்டாளா? நானும் இறங்க மாட்டேன். அவ சாகுற நாள் வரைக்கும் ஒரு சொட்டு தொட மாட்டேன்.”

“ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தாங்குவியா?” என்றான் மலக்கி. யூஜீனின் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி, அன்றும் இன்றும் வாய் அடங்காதவன்.

பேக்கி சிரித்துக்கொண்டே கிளாஸுக்கு அடியில் வைக்கும் அட்டை ஒன்றை எடுத்துத் தேதியும் சபதமும் எழுதி, பின்சுவரில் ஆணி அடித்து மாட்டினான். “அன்னைக்கு முதல் கிளாஸ் என் கையால” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை தாண்டியது. ஜூனில் தேர்தல் வந்தது. அந்தத் தொகுதியே சேர்ந்து, சிறையில் பட்டினி கிடந்த ஒருவனை டப்ளின் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தது. நடக்க முடியாத கிழவிகளையெல்லாம் யூஜீன் பால் லாரியில் ஏற்றி வாக்குச்சாவடிக்குக் கொண்டுபோனான். ஜெயித்தவன் ஒரு நாளும் வந்து உட்காரவில்லை. எழுபத்து மூன்று நாள் பட்டினியில், ஆகஸ்டில் செத்தான். அவன்தான் யூஜீன் சொல்லும் ‘நம்ம பையன்’. மொத்தம் பத்துப் பேர். பத்து முறையும் யூஜீனின் சபதம் இறுகியது.

எண்பத்துநாலில் தாட்சர் தங்கியிருந்த ஓட்டலில் குண்டு வெடித்து அவள் தப்பியபோது பப்பே அவன் பக்கம் திரும்பியது. “மயிரிழையில போச்சேடா உன் பீர்” என்றான் மலக்கி. “அங்க அஞ்சு பேர் செத்துக் கிடக்கான். என் தாகத்தைப் பத்திப் பேசாத” என்று யூஜீன் எழுந்து போய்விட்டான். தொண்ணூறில் சொந்தக் கட்சிக்காரர்களே அவளைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். போதாதா என்று கேட்டார்கள். “பதவி போகுற வரைக்கும்னா சொன்னேன்?” என்றான்.

கட்டிலுக்கு அடியில் இருந்த சூட்கேஸை டிம்ப்னா பிரிக்க நாலு வருஷம் ஆயிற்று. காலியான பிறகு அதை அலமாரி மேல் வைத்தாள். எறியவில்லை.

விருந்தாளி வந்தால் அவள் சொல்லும் கதை ஒன்று உண்டு. “இந்த ஆளைத் திருத்தப் பாதிரியாரால முடியல, என்னால முடியல. லண்டன்ல உக்காந்துக்கிட்டு ஒருத்தி திருத்திட்டா.” எல்லோரும் சிரிப்பார்கள். யூஜீனும் சிரிப்பான். மகள் கல்யாணத்தில் எலுமிச்சை சோடாவோடு நின்றபோதும் இதே சிரிப்பு. ஆனால் ஒவ்வொரு தடவையும் அது செருப்புக்குள் மாட்டிய கல்லைப் போல நெருடும். உலகத்திலேயே யாரை அதிகம் வெறுக்கிறானோ அவளுக்குத் தன் நல்ல வாழ்க்கை கடமைப்பட்டிருக்கிறதா?

வயலில் வேலிக்கம்பியை முறுக்கிவிட்டு ஐந்தே முக்காலுக்கு வீட்டுக்குள் நுழைந்தான். இயேசுவின் திரு இருதயப் படத்தின் கீழே ஒரு மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது.

“யாருக்கு இது?”

டிம்ப்னா தலை நிமிரவில்லை. “அவளுக்குத்தான்.”

“இந்த வீட்டுலயா? அவளுக்கா?”

“கத்தாத. பத்துப் பேரைச் சாக விட்டவ. அவளுக்கு எந்த இடம் கிடைக்கணுமோ அது கிடைக்கட்டும், நான் தடுக்க மாட்டேன். ஆனா எனக்கு ஒரு மனுஷனைக் குடுத்தா. அதுக்கு ஒரு மெழுகுவத்தி. அவ்வளவுதான்.”

“அவ குடுத்தாளா? நிறுத்துனது நான்டி!”

“நான் கேட்டப்ப நிறுத்துனியா?” இப்போது நிமிர்ந்தாள். “உன் அம்மா கேட்டப்ப நிறுத்துனியா? எங்க ஆசைக்கு நீ அசையல, யூஜீன். அவ மேல இருந்த ஆத்திரத்துக்குத்தான் அசைஞ்ச. நான் சொல்றதுல பொய் இருந்தா சொல்லு.”

பொய் இல்லை. அதுதான் அவனை எரித்தது. ஆணியில் இருந்த தொப்பியை எடுத்தான்.

“எங்க போற?”

“உனக்குத் தெரியும்.”

“போ. அலமாரி மேல சூட்கேஸ் இருக்கு” என்றாள். குரலை உயர்த்தவே இல்லை.

பப்பில் நிற்க இடமில்லை. அவன் தலையைக் கண்டதும் கூரை பறக்கிற மாதிரி சத்தம்.

“வந்துட்டான்டா! முப்பத்திரண்டு வருஷத் தாகம்!” என்று மலக்கி அவன் தோளைப் பிடித்து உலுக்கினான். “உள்ள குழாய் துருப் பிடிக்கலையே? பிளம்பரைக் கூப்பிடவா?”

“பொம்பளை அனுமதி குடுத்தாளா?” என்று யாரோ.

“எந்தப் பொம்பளை? வீட்டுல இருக்கவளா, லண்டன்காரியா?” என்றான் மலக்கி. எல்லோரும் சிரித்தார்கள். யூஜீன் சிரிக்கவில்லை.

பேக்கிக்கும் இப்போது எழுபது. ஆணியிலிருந்து பழுப்பேறிய அட்டையை எடுத்துத் தூசி ஊதி மேசையில் வைத்தான். கிளாஸைச் சாய்த்துப் பிடித்து முக்கால் பாகம் ஊற்றி, நுரை அடங்கட்டும் என்று ஓரமாக வைத்தான். அந்தக் கறுப்பு பீரை அவசரப்படுத்த முடியாது. அப்போது தொலைக்காட்சியில் ஆறு மணி ஜெப மணி அடிக்கத் தொடங்கியது. பழக்கம் விடாது. பப் அடங்கியது. சிலர் தொப்பியைக் கழற்றினார்கள்.

ஒவ்வொரு மணிக்கும் நடுவே நுரை மேலே மேலே ஏறுவதை யூஜீன் பார்த்துக்கொண்டிருந்தான். இதைக் குடித்தால் டிம்ப்னாவுக்குப் பதில் சொன்னதாகும். என் குடி என் கையில் என்று காட்டியதாகும். நாக்கில் எச்சில் ஊறியது. ருசி அவனுக்கு ஒரு நாளும் மறந்ததில்லை.

மணி ஓய்ந்தது. பேக்கி மிச்சத்தை ஊற்றி அட்டையின் மேல் கிளாஸை வைத்து அவன் முன்னால் நகர்த்தினான்.

மலக்கி தன் கிளாஸை உயர்த்தினான். “அவ பேரைச் சொல்லி அடி! அவதான இன்னைக்கு உனக்கு ஊத்துறா!”

யூஜீன் தூக்கினான். நுரை மீசையில் பட்டது. அங்கேயே நிறுத்தினான்.

“என்ன சொன்ன?”

“அவதான ஊத்துறான்னேன்.”

கிளாஸ் திரும்ப அட்டைக்கு வந்தது. மீசையைப் புறங்கையால் துடைத்தான்.

“பேக்கி, மணி என்ன?”

“இப்பத்தான ஆறு அடிச்சுது. காது போச்சா?”

“சேதி எப்ப வந்துச்சு?”

“ஒரு மணிக்கு.”

“அப்ப சபதம் ஒரு மணியோட முடிஞ்சுது. சரியா?”

“முடிஞ்சுது, முடிஞ்சுது. குடிடா!” என்றான் மலக்கி.

“எங்க வீட்டு அலமாரியில ஒரு விஸ்கி பாட்டில் இருக்கு. விருந்தாளிக்கு வச்சது. ஒரு மணில இருந்து அது என்னைப் பாத்துக்கிட்டுதான் இருந்துச்சு. எனக்குச் சபதம் கிடையாது, கட்டுப்பாடு கிடையாது. நான் தொடல.” யாரைப் பார்த்தும் சொல்லவில்லை, கிளாஸைப் பார்த்துச் சொன்னான். “முப்பத்திரண்டு வருஷமும் அவளோடதா? இருக்கட்டும். பெட்டியில வச்சு அவளோடவே புதைக்கட்டும். இந்த அஞ்சு மணி நேரம் என்னோடது. அவ பேரைச் சொல்லி இதைக் குடிச்சா, அதையும் தூக்கி அவகிட்டக் குடுத்த மாதிரி. குடுக்க மாட்டேன். அந்தக் கழுதைக்கு என் வாழ்க்கையில இருந்து இனிமே ஒரு நிமிஷம் குடுக்க மாட்டேன்.”

மலக்கி உயர்த்திய கிளாஸைக் கீழே வைத்தான்.

“அப்ப இந்த பீர்?” என்றான் மலக்கி, உண்மையான கவலையோடு.

“நீ குடி. எனக்கு டீ போடு, பேக்கி. அந்த வெங்காய சிப்ஸ் ஒரு பாக்கெட்.”

“முப்பத்திரண்டு வருஷமா காத்திருந்து கடைசில டீயா!” என்று பேக்கி முனகினான். ஆனாலும் கெட்டில் சுவிட்சைத் தட்டினான். யூஜீன் கிளாஸுக்கு அடியிலிருந்து அட்டையை உருவி, கணப்பில் கனன்றுகொண்டிருந்த கரிமண் கட்டிகளுக்கு நடுவே போட்டான். ஈரமான அட்டை, பிடிக்கச் சற்று நேரம் எடுத்தது. எரிந்து முடிகிற வரைக்கும் நின்று பார்த்தான்.

வீட்டுக்கு வந்தபோது ஏழரை. சூட்கேஸ் சமையலறை மேசையில் இருந்தது. மூடியிருந்தது. அதில் துணி இருந்ததா இல்லையா என்று அவன் கேட்கவில்லை. டிம்ப்னா மெழுகுவத்தியின் பக்கத்தில் நின்றாள். ‘ஊது’ என்று அவள் சொல்லவில்லை. அந்த வார்த்தையை விட்டுத்தான் எவ்வளவோ காலம் ஆயிற்றே.

யூஜீன் தொப்பியைக் கழற்றாமலே நேராகப் போய்க் குனிந்து, வாய் நிறைய மூச்சை இழுத்து ஊதினான். சுடர் அணைந்தது. மூச்சு டிம்ப்னாவின் முகத்திலும் அடித்தது.

அவள் மூக்கைச் சுருக்கினாள். “தூ! வெங்காயம்.”

“ஆறரை மணி நேரம் ஆச்சு” என்றான். “இதுல அவளுக்குப் பங்கு இல்ல. சொல்லு.”

டிம்ப்னா அவன் கண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “இல்ல” என்றாள்.

சூட்கேஸைத் தூக்கி அவன் கையில் கொடுத்தாள். மேலே வைக்கச் சொன்னாளா, எறியச் சொன்னாளா, அதைச் சொல்லவில்லை. அவன் கொல்லைக் கதவைத் திறந்து, கோழிக் கூண்டுக்குப் பக்கத்தில் உடைந்த சாமான்கள் கிடந்த குவியலில் அதைப் போட்டுவிட்டு வந்தான். வந்தபோது அந்தப் பாதி மெழுகுவத்தி மறுபடி எரிந்துகொண்டிருந்தது.

“இப்ப யாருக்கு?”

“உனக்கு” என்றாள் டிம்ப்னா, அணைந்த தீக்குச்சியை அடுப்பில் எறிந்துகொண்டே. “நாளைக்கு ஒரு மணிக்கு இருபத்துநாலு மணி நேரம் ஆகும்ல, அதுக்கு.”